லைலாக்குக்கு மீன்தண்ணி

1

லைலாக் செடிக்குப் பசளை போடுவது எப்படி என்று ஊரிலிருந்து எவரும் என்னைக் கேட்டு எழுதப் போவதில்லை. யாழ்ப்பாணத்து வெயிலை அது தாங்காது. எங்கள் சுண்ணாம்பு மண் அதற்கு நன்றாகப் பிடிக்குமாம், ஆனால் மாரியில் நன்றாக விறைத்தால்தான் அடுத்த வருடம் பூக்குமாம். ஆகவே இந்தக் குறிப்பால் உங்களில் ஒருவருக்கும் ஒரு பிரயோசனமும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இருந்தாலும் போன வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டுப் பின்வாசலில் நடந்ததை யாருக்காவது சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். அதைச் சொல்ல லைலாக்கில் இருந்துதான் தொடங்க வேண்டும்.

லண்டனின் கிழக்குப் பக்கம், செவன் கிங்ஸில் எங்கள் வீடு. ஒன்றோடொன்று ஒட்டிய வரிசை வீடுகளில் ஒன்று. பின்னால் நீளமாக ஒரு துண்டு நிலம். இங்கே எல்லோரும் அதைக் கார்டன் என்பார்கள், எனக்கு அது வளவுதான். வேலியோரம் என் தோள் உயரத்துக்கு நிற்கிறது லைலாக். மே மாதத்தில் ஊதா நிறத்தில் கொத்துக் கொத்தாகப் பூக்கும். இரண்டு மூன்று கிழமைதான். ஆனால் அந்த மணம் தெருவரைக்கும் போகும்.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். குட்மேய்ஸில் ஒரு தமிழ்க் கடையில் மீன் வெட்டுகிறேன். விளைமீன், பாரை, அறக்குளா, கணவாய், நண்டு என்று நாள் முழுக்கச் செதிலும் குடலும்தான். நான் இந்த வேலையில் சேர்ந்த முதல் நாளே என் மனைவி சாந்தி ஒரு சட்டம் போட்டாள். முன்வாசலால் வரக்கூடாது. பின் ஒழுங்கையால் வந்து, வளவுக்குள்ளால் நடந்து, அவள் சமைத்துக்கொண்டு நிற்கும் குசினியின் கதவடியில் நிற்க வேண்டும். நான் கதவைத் தட்டவே தேவையில்லை. நான் வந்தது அவளுக்கு மூக்கால் தெரிந்துவிடும்.

"நில்லுங்கோ அதிலை!"

அந்தக் குரலோடு யன்னலால் ஒரு பாதித் தேசிக்காய், அதுதான் எலுமிச்சம்பழம், வெளியே வரும். ஜாக்கெட்டை வெளியில் கொழுவிவிட்டு, வெளிக்குழாயில் முழங்கைவரை தேசிக்காயால் உரஞ்சிக் கழுவ வேண்டும். பிறகு அவள் வந்து கையை மோந்து பார்ப்பாள். சரி என்றால்தான் உள்ளே விடுவாள். மாரி காலத்தில் கை விறைத்து மரத்துப்போகும்.

"வீட்டுக்காரனை நாய் மாதிரி வெளியிலை நிப்பாட்டி வைக்கிறாய்" என்று நான் கத்துவேன்.

"நாய் இப்பிடி மணக்காதப்பா" என்பாள்.

2

உலகம் முழுக்கக் கதவைப் பூட்டிக்கொண்டு இருந்த காலத்தில், இரண்டாவது குளிரில், எங்கள் இருவருக்கும் கொரோனா வந்தது. எனக்கு வெறும் இருமலோடு போய்விட்டது. சாந்திக்குக் காய்ச்சல் போகும்போது மூக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. கற்பூரத்தைக் கொளுத்திக் கிட்டப் பிடித்தாலும் ஒன்றும் தெரியவில்லை. கொஞ்ச நாளில் வந்துவிடும் என்றார்கள். மற்ற எல்லோருக்கும் வந்தது, இவளுக்கு வரவில்லை.

நான் வேலைக்குத் திரும்பிய முதல் நாள் மாலை, வழக்கம்போலக் குசினிக் கதவடியில் வந்து நின்றேன். உள்ளே அவள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெங்காயம் வெட்டிக்கொண்டு நின்றாள். நிற்கிறேன், நிற்கிறேன், ஒரு சத்தமும் இல்லை. கடைசியில் தற்செயலாகத் திரும்பிப் பார்த்தாள்.

"ஏன் உதிலை நிக்கிறியள்? உள்ளை வாங்கோவன்."

இத்தனை வருடம் நான் கேட்டுச் சண்டை பிடித்தது இதைத்தானே. வென்றவனைப் போல உள்ளே போயிருக்க வேண்டும். எனக்கோ அழுகை வந்துவிட்டது. வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டுக் குளிக்கப் போய்விட்டேன்.

டொக்டரிடம் இடம் பிடிக்கத் தொலைபேசியில் காத்திருந்த கதையை எழுதப்போனால் அது தனிப் புத்தகமாகிவிடும். சாந்தியின் ஆங்கிலம், முதலில் இருந்த நாட்டில் படித்த ஜெர்மன் வழியாக வந்தது. முறைப்பாகப் பேசுவாள், ஆனால் வசனம் சில வேளை குடை சாயும். வரவேற்பு மேசையில் இருந்த பெண்ணிடம் "ஐ டோன்ட் ஸ்மெல்" என்று சொல்லியிருக்கிறாள். எனக்கு மணம் தெரியவில்லை என்று அவள் சொன்னது, என்னில் நாற்றம் இல்லை என்று அந்தப் பெண்ணுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. "இல்லை அம்மா, உங்களில் ஒரு நாற்றமும் இல்லை" என்று அந்தப் பிள்ளை மிகுந்த அன்போடு ஆறுதல் சொல்லி அனுப்பிவிட்டது. சாந்தி இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். பிறகு, அது உண்மையா என்று என்னைக் கேட்டாள்.

அந்தக் கேள்விதான் அவளை அரித்தது. தன்னில் என்ன மணக்கிறது என்று தனக்கே தெரியாத ஒருத்தி எப்படி வெளியில் போவாள்? ஒரு நாளைக்கு இரண்டு தரம் தலை முழுகித் தோயத் தொடங்கினாள். பாலைத் தேநீருக்குள் விட முதல் என்னைக் கூப்பிட்டு மோந்து பார்க்கச் சொன்னாள். எல்லாவற்றையும்விடப் பெரிய இழப்பு தூள். எங்கள் சமையலுக்கு மிளகாய், மல்லி, சீரகம் எல்லாம் வறுத்துத் திரிக்கும் கறித்தூள் உங்களுக்குத் தெரியும். எந்த நிமிடத்தில் அடுப்பை நிறுத்துவது என்று கண் சொல்லாது, மூக்குத்தான் சொல்லும். சாந்தியின் தூளுக்கு இல்ஃபோர்ட்டில் இருந்து சவுத்தால்வரை ஆட்கள் சொல்லிவைத்து வாங்குவார்கள். மணம் போன பிறகு ஒரு தரம் வறுத்துப் பார்த்தாள். எரிந்துவிட்டது. புகை மணி அலறும்வரைக்கும் அவளுக்குத் தெரியவில்லை. அன்றைக்கு வறுத்த அந்தத் தாச்சியைக் கழுவி மேல் தட்டில் கவிழ்த்து வைத்தவள்தான், பிறகு எடுக்கவேயில்லை. எங்கள் வீட்டுக்குள் பைக்கற் தூள் வந்தது.

கடைசியில் ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டொக்டரைக் கண்டோம். நல்ல மனுசி. வரலாம், வராமலும் விடலாம் என்று ஒளிக்காமல் சொன்னார். ஒவ்வொரு நாளும் கராம்பு, தேசிக்காய்த் தோல், ரோசாப்பூ, யூக்கலிப்டஸ் என்று நாலு சாமானை மோந்து மோந்து மூக்கைப் பழக்கச் சொன்னார். அதோடு, மனதில் ஆழமாகப் பதிந்த மணம் ஏதாவது இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றார். அப்படி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்.

சாந்தி ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. "ஃபிளீடர்" என்றாள். டொக்டர் என்னைப் பார்த்தார். நான் "லைலாக்" என்றேன்.

3

நாங்கள் ஜெர்மனியில் இருந்து லண்டனுக்கு வந்தவர்கள். சாந்தி அங்கே போய் இறங்கும்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. அகதிகளுக்கான விடுதியொன்றில், ஒரு சின்ன ஊரின் ஓரத்தில், இன்னும் மூன்று பெண்களோடு ஒரு அறை. வேலை செய்ய அனுமதி இல்லை. அந்த மாவட்டத்தை விட்டு வெளியே போகவும் அனுமதி இல்லை. யன்னலைத் திறந்தால் எதிரே ஒரு மதில். ஏழெட்டு மாதம் அவள் யாரோடும் பேசவில்லையாம். ஒரு மே மாதக் காலையில் அந்த யன்னலால் ஒரு மணம் வந்திருக்கிறது. இறங்கிப் போய்ப் பார்த்தால் மதிலுக்குப் பின்னால் ஊதாவாக ஒரு மரம். விடுதிக் காவலாளியிடம் கையைக் காட்டி இது என்ன என்று கேட்டிருக்கிறாள். அவள் தானாகக் கேட்டுப் படித்த முதல் ஜெர்மன் சொல் அதுதான்.

"அண்டைக்குத்தான் எனக்குப் பசிச்சது" என்று அவள் ஒரு தரம் எனக்குச் சொன்னாள். அதுவரைக்கும் சாப்பிட்டது எல்லாம் கடமைக்குத்தானாம்.

இதை எங்கள் மகள் அபிக்கு நான்தான் தொலைபேசியில் சொன்னேன். அபி பிறந்தது ஜெர்மனியில், வளர்ந்தது லண்டனில், இப்போது இருப்பது லீட்ஸில். ஜெர்மன் மறந்துபோய், தமிழ் தேய்ந்துபோய், அப்பா அம்மா என்ற இரண்டு சொல்லைச் சுற்றி முழுக்க ஆங்கிலம். வருடத்துக்கு இரண்டு தரம் வருவாள். கிழமைக்கு ஒருக்கால் போன் எடுப்பாள், அதுவும் நடந்துகொண்டே, காற்றுச் சத்தத்தோடு. நான் பேசுவது பாதி அவளுக்குப் போகாது. எங்களுக்குள் பெரிய சண்டை ஒன்றும் இல்லை. ஆனால் சண்டை பிடிப்பதற்குக்கூட ஒரு பொது விஷயம் வேண்டுமே. எங்களிடம் அது இருக்கவில்லை.

அடுத்த வசந்தத்தில் சாந்தியின் பிறந்தநாளுக்கு ஒரு நீளப் பெட்டி வீட்டுக்கு வந்தது. உள்ளே வைக்கோலுக்குள் முழங்கால் உயரத்தில் ஒரு லைலாக் கன்று. அபி அனுப்பியிருந்தாள். சாந்தி அந்தக் கன்றை ஒரு குழந்தையை வாங்குவதுபோல இரண்டு கையாலும் வாங்கினாள்.

4

இனி என் திருவிளையாடலுக்கு வருகிறேன்.

நான் வடமராட்சிக்காரன். வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் வைத்த குடும்பம். பயிர் என்றால் அதற்குச் சாப்பாடு போட வேண்டும், இதுதான் எங்களுக்குத் தெரிந்த விவசாயம். சாப்பாடு போடப் போட விளையும். விளையாவிட்டால் போட்டது காணாது. மீன் கழுவின தண்ணீரை வீணாக ஊற்றினால் எங்கள் வீட்டில் ஏச்சு விழும். அது கறிவேப்பிலைக்கு, முருங்கைக்கு, ரோசாவுக்கு என்று ஒவ்வொரு நாளுக்கும் முறை வைத்துப் போகும்.

இங்கே என்னிடம் மீனுக்குப் பஞ்சமா? கடையில் ஒவ்வொரு நாளும் தலையும் குடலும் பெட்டி பெட்டியாகப் போகிறது. முதலாளியிடம் கேட்டு, மூடியுள்ள வாளியில் கொண்டுவரத் தொடங்கினேன். லைலாக்கின் அடியைச் சுற்றிக் கிடங்கு கிண்டி மீன்தலைகளைத் தாட்டேன். மேலே மீன்தண்ணி. அதற்கு மேலே புளித்த மோர், ஏனென்றால் எங்கள் யன்னலோரத்துக் கறிவேப்பிலைக்குச் சாந்தி மோர் ஊற்றித்தான் குளிர்காலத்தைக் கடத்துவாள். கறிவேப்பிலைக்கு ஒத்தது லைலாக்குக்கு ஒத்துவராதா என்று நினைத்தேன். ஒவ்வொரு ஐப்பசியிலும் தலைப்பைச் சீராகக் கத்தரித்தும் விட்டேன்.

செடி வளர்ந்தது பாருங்கள், சொல்லி வேலையில்லை. இலை ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். கரும்பச்சை. இரண்டே வருடத்தில் தோள் உயரம். தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஆனால் முதல் மே மாதத்தில் ஒரு பூக்கூட இல்லை. சரி, கன்று தானே என்று விட்டோம். இரண்டாவது மே மாதத்திலும் இல்லை. ஒவ்வொரு நாளும் காலையில் சாந்தி தேநீர்க் கோப்பையோடு போய் ஒவ்வொரு கிளை நுனியாகப் பார்ப்பாள். பிறகு உள்ளே வந்து டொக்டர் சொன்ன நாலு சாமானும் போட்டு வைத்த போத்தல்களைத் திறந்து மோப்பாள். அதிலும் ஒன்றும் இல்லை. நான் இன்னும் ஒரு வாளி கொண்டுவந்து ஊற்றினேன். வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

5

அந்த ஆனி மாதம் நல்ல வெக்கை. ஒரு மத்தியானம் கவுன்சிலில் இருந்து ஒரு இளம் அதிகாரி வந்தார். கழுத்தில் அட்டை, கையில் டப்லட். அயலில் இருந்து துர்நாற்ற முறைப்பாடு வந்திருக்கிறது, பின்வளவைப் பார்க்கலாமா என்று பணிவாகக் கேட்டார். நான் தாராளமாகக் கூட்டிக்கொண்டு போனேன். எனக்கு ஒளிக்க ஒன்றும் இல்லையே.

குசினிக் கதவைத் தாண்டியதும் அந்தப் பிள்ளை நின்றுவிட்டது. கையால் மூக்கைப் பொத்தியது. கண்ணில் தண்ணீர்.

"என்ன நாற்றம்?" என்று நான் கேட்டேன். உண்மையாகத்தான் கேட்டேன்.

அவர் என்னை நம்ப முடியாமல் பார்த்தார். பிறகு சாந்தியின் பக்கம் திரும்பி, "மேடம், உங்களுக்குமா மணக்கவில்லை?" என்றார்.

"நோ. நத்திங்" என்றாள் சாந்தி, நிமிர்ந்து நின்று, நீதிமன்றத்தில் சத்தியம் செய்பவளைப் போல.

அவர் லைலாக்கின் அடியைச் சுட்டிக் காட்டினார். நரி வந்து கிண்டியிருந்தது. செவன் கிங்ஸில் நரிகளுக்கு நாங்கள் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தது அப்போதுதான் தெரிந்தது. அறக்குளாத் தலையொன்று வாயைத் திறந்தபடி எங்களைப் பார்த்துக்கொண்டு கிடந்தது. அதில் இலையான்கள் மொய்த்தன. எல்லாவற்றையும் கிண்டி எடுத்துச் சுத்தம் செய்யும்படியும், ஒரு கிழமையில் திரும்ப வருவதாகவும் சொல்லிவிட்டு, அவர் பின் ஒழுங்கையால் விறுவிறு என்று நடந்தார்.

சாந்தி என்னைப் பார்த்தாள். "உண்மையா மணக்குதோ?"

"எனக்குத் தெரியேல்லை, சாந்தி."

"என்னண்டு தெரியாமல் போகும்? உங்களுக்கு மூக்கு இருக்குதுதானே?"

"நாள் முழுக்க மீனுக்குள்ளை நிண்டிட்டு வாறன். எனக்கு இப்ப மீன் மணக்கிறதே இல்லை."

அவள் குசினிப் படியில் இருந்துவிட்டாள். "அப்ப இந்த வீட்டிலை ஒருத்தருக்கும் மூக்கு இல்லை" என்று சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று நான் கவனிக்கவில்லை.

"நான் பச்சைப் பொய் சொல்லுறன் எண்டு அந்தப் பிள்ளை நினைச்சிட்டுப் போகுதப்பா. இத்தனை நாளும் அயல் முழுக்க மூக்கைப் பொத்திக்கொண்டு இருந்திருக்குது, நான் எல்லாரையும் பாத்துக் கையைக் காட்டிக்கொண்டு திரிஞ்சிருக்கிறன். பஸ்சிலை எனக்குப் பக்கத்திலை ஆரும் வந்து இருக்காட்டி நான் என்னத்தை நினைக்கிறது?"

பக்கத்தில் போய் இருந்தேன். என்னில் என்ன மணந்ததோ, அது அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

6

பிறகு சாந்திதான் லைலாக்கைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். "அங்கை அதுக்கு ஒருத்தரும் ஒண்டும் குடுக்கேல்லை."

"எங்கை?"

"விடுதியடியிலை. தண்ணிகூட ஊத்தினதைக் காணேல்லை. மாரியிலை அந்தக் காவலாளி விறகு அடுப்புச் சாம்பலைக் கொண்டுவந்து அடியிலை கொட்டுவான். அவ்வளவுதான்."

அன்றிரவு அபி போன் எடுத்தாள். கவுன்சில் வந்த கதையைக் கேட்டு முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு, வழக்கத்துக்கு மாறாக, நடப்பதை நிறுத்திவிட்டு ஒரு இடத்தில் இருந்தாள். காற்றுச் சத்தம் இல்லை. தன் போனில் தேடித் தேடி எங்களுக்கு வாசித்துச் சொன்னாள். லைலாக்குக்கு நல்ல சாப்பாடு கூடினால் இலைதான் வரும், பூ வராது. புளிப்பு மண்ணும் ஆகாது, சாம்பலும் சுண்ணாம்பும் கொஞ்சம் போட்டால் நல்லது. அடுத்த வருடப் பூ மொட்டை இந்தக் கோடையிலேயே கட்டி வைத்துவிடும், ஆனபடியால் ஐப்பசியில் கத்தரிக்கவே கூடாது, பூத்து முடிந்த கையோடு கத்தரிக்க வேண்டும்.

"அப்பா, நீங்க எவ்ரி இயர் அதின்ட பூவை வெட்டி குப்பை பின்னுக்குள்ள போட்டிருக்கிறீங்கள்" என்றாள்.

மோரும் பிழை, மீனும் பிழை, கத்தரிக்கோலும் பிழை. சாப்பாட்டை நிறுத்து என்று ஒரு பயிருக்குச் சொல்வது எனக்குச் சரியான கஷ்டமாக இருந்தது. வந்த விருந்தாளிக்குத் தேநீர்கூட வைக்காமல் முன்னால் இருப்பதுபோல ஒரு கூச்சம். ஆனாலும் நிறுத்தினேன். அதிகாரி திரும்ப வந்தபோது வளவைச் சுத்தமாகக் கழுவி, புது மண் போட்டு வைத்திருந்தோம். சாந்தி ஆஸ்பத்திரிக் கடிதத்தைக் கொண்டுவந்து அவரிடம் காட்டி, "ஐ வாஸ் நொட் லையிங்" என்றாள். அவர் அதை வாசித்துவிட்டு அவளிடம் மன்னிப்புக் கேட்டார். தன் தாய்க்கும் இப்படித்தான் வந்து ஒரு வருடம் கழித்து மாறியது என்றார். சாந்தி அன்றைக்கு முழுக்க அந்தத் தாயைப் பற்றியே பேசினாள்.

இலையுதிர் காலத்தில் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு இரண்டு தரம் லைலாக்கடிக்குப் போனேன். இரண்டு தரமும் சாந்தி குசினி யன்னலைத் தட்டினாள். திரும்பி வந்துவிட்டேன்.

தைப்பொங்கலுக்கு வளவில் மூன்று கல் வைத்து விறகில் பொங்கினோம். இந்தமுறை முன்கூட்டியே பக்கத்து வீட்டுக்குப் போய், நாளைக்குக் காலையில் புகை வரும், பயப்படாதேங்கோ என்று சொல்லி, பொங்கலுக்கும் அழைத்தோம். அங்கே இருப்பவர் பல்ஜித், சவுத்தாலில் இருந்து மகளோடு வாழ வந்த பஞ்சாபிப் பெண்மணி. கம்பளிச் சால்வையைப் போர்த்திக்கொண்டு வந்து, பொங்கலை இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, "அந்த முறைப்பாட்டைச் செய்தது நான்தான்" என்றார். பிறகு சாந்தியைப் பார்த்து, "முதலில் உங்களிடம் சொல்ல வந்தேன், உன் புருசன் எனக்கு ஒரு மீன் தந்து அனுப்பிவிட்டார்" என்றார். அது உண்மைதான். ஏதோ மீன் ஆசையில் வந்திருக்கிறார் என்று அன்றைக்கு நினைத்தேன். சாந்தி சிரித்துக்கொண்டே அவருக்கு இன்னும் ஒரு அகப்பை போட்டாள்.

கல் ஆறியதும் அந்தச் சாம்பலை அரித்து, லைலாக்கின் அடியைச் சுற்றிச் சாந்தி தூவினாள். வெறும் இரண்டு கைப்பிடி. எனக்கு அது காணாது என்றுதான் பட்டது.

7

இந்த வருடம் சித்திரை நடுவில் சாந்தி என்னைச் சத்தம் போட்டுக் கூப்பிட்டாள். ஓடிப்போய்ப் பார்த்தேன். கிளை நுனிகளில் இலை இல்லாத, மிளகுக் கொத்துப் போன்ற சின்னச் சின்ன மொட்டுகள். எண்ணிப் பார்க்க வேண்டாம், கண் படும் என்றாள். நான் எண்ணவில்லை.

அபி மே மாதத்து நீண்ட வார இறுதிக்கு வந்தாள். வருடத்துக்கு இரண்டு தரம் என்ற கணக்கில் சேராத வரவு. அதற்கு முன் ஒவ்வொரு தொலைபேசியிலும் அவள் கேட்ட முதல் கேள்வி லைலாக் எப்படி இருக்குது என்பதுதான். எங்கள் சுகம் பிறகுதான். ஆனால் எங்களுக்கு இப்போது பேச ஒரு விஷயம் இருந்தது. இலையின் படத்தை நான் அனுப்புவேன், அவள் கேள்வி கேட்பாள், நான் பிழையாகச் சொல்வேன், அவள் ஏசுவாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பூ முழுதாக விரிந்திருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் பல்ஜித் கண்ணை மூடி மூச்சை இழுத்து, ஏதோ பஞ்சாபியில் சொன்னார். அபி முகத்தைப் பூவுக்குள் வைத்து, "ஓ மை கோட், அம்மா" என்றாள். சந்தனமும் தேனும் கலந்த ஒரு வாசம். மீன் வெட்டுகிற எனக்கே தெரிந்தது.

சாந்தி தலைக்கு எண்ணெய் வைத்து, சீலை உடுத்துக்கொண்டு வந்தாள். ஒரு கொத்தை இரண்டு கையாலும் பிடித்து முகத்தைப் புதைத்தாள். நாங்கள் மூன்று பேரும் மூச்சுவிடாமல் நின்றோம். அவள் ஒரு தரம் இழுத்தாள். இன்னொரு தரம் இழுத்தாள். பிறகு நிமிர்ந்து, எங்கள் மூன்று பேரின் முகத்தையும் பார்த்து, எங்களுக்காகத்தான் சிரித்தாள்.

"வடிவா இருக்குது" என்றாள், பூவின் நிறத்தைப் பார்த்து.

அபி தாயைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். எனக்கு அந்தச் செடியின் மேல் ஒரு கோபம் வந்தது. அது என்ன செய்யும் பாவம், தன் வேலையைச் செய்துவிட்டது. சாந்திதான் எங்களைத் தேற்றினாள். பூத்ததே போதும், அந்த நிறத்தைக் கண்டாலே தனக்குப் பாதி மணந்த மாதிரி என்றாள். பூ வாடும்வரை ஒவ்வொரு காலையும் போய் முகத்தை வைத்துவிட்டுத்தான் வந்தாள். நான் யன்னலால் பார்த்துக்கொண்டு நிற்பேன், கேட்க மாட்டேன்.

8

வெள்ளிக்கிழமை எனக்கு ஓய்வு நாள். வெள்ளியில் எங்கள் வீட்டில் மரக்கறிதான். மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் வாசல்படி ஏறாது. வியாழன் இரவே நான் தோய்ந்து, உடுப்பெல்லாம் தோய்த்துவிடுவேன்.

போன வெள்ளி பின்னேரம் வாடிய பூக்கொத்துகளைக் கத்தரித்தேன், இந்தமுறை சரியான மாதத்தில். கத்தரித்த பிறகு கொஞ்சம் பசளை போடலாம், ஆனால் ஒரு கைப்பிடிக்கு மேல் ஆகாது என்று அபி கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். பெயரையும் அவளே எழுதி அனுப்பியிருந்தாள். செடிக்கடையில் போய் வாங்கிக்கொண்டு வந்து பெட்டியை வளவுக் கொட்டிலுக்குள் வைத்திருந்தேன். அதைத் திறந்து வாசித்தபோதுதான் சிரிப்பு வந்தது. மீன், இரத்தம், எலும்பு, எல்லாம் காயவைத்து அரைத்த தூள். நான் வாளியில் கொண்டுவந்தால் முறைப்பாடு, வெள்ளைக்காரன் பெட்டியில் அடைத்தால் பசளை. ஒரு கைப்பிடி அள்ளித் தூவி, மண்ணோடு கையால் பிசைந்துவிட்டேன். எனக்கு ஒன்றும் மணக்கவில்லை, எப்படி மணக்கும்.

சாந்தி உள்ளே சாமிக்கு விளக்கு வைத்துக்கொண்டிருந்தாள். நான் கடைக்குப் போகவில்லை என்று அவளுக்குத் தெரியும். கொட்டிலுக்குள் இருந்த பெட்டியை அவள் கண்டதும் இல்லை, நான் சொன்னதும் இல்லை. கையை வெறும் தண்ணீரில் அலம்பிவிட்டுக் குசினிக் கதவைத் திறந்து ஒரு காலை உள்ளே வைத்தேன்.

"நில்லுங்கோ அதிலை!"

நான் நின்றேன்.

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா உதென்ன மீன் வெடுக்கு? விளக்கு வைக்கிற நேரத்திலை அறிவில்லையே உங்களுக்கு? வெளியிலை போங்கோ, வெளியிலை!"

போகவேண்டும் என்று தெரிந்தது, காலை எடுக்க முடியவில்லை. அவள் கையில் தீப்பெட்டியோடு சாமி அறை வாசலுக்கு வந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். ஏதோ பிழையாகச் சொல்லிவிட்டேனோ என்பதுபோல ஒரு பார்வை. பிறகு அவளுக்கே விளங்கியது. தீப்பெட்டி கையால் விழுந்தது.

மெதுவாக நடந்து வந்தாள். என் வலது கையைப் பிடித்துத் தூக்கி மூக்கடியில் வைத்தாள். இழுத்தாள். முகத்தை அஷ்டகோணலாகச் சுளித்தாள்.

"சீ" என்றாள். பிறகு இன்னொரு தரம் இழுத்தாள். "சீ, என்ன நாத்தம்." கன்னத்தால் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கையை விடவில்லை. "மீனோ? மீன்தானே? சொல்லுங்கோ, மீன்தானே?"

"ஓம்" என்றேன். "மீன்தான்."

இனி முழுதாக வந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். அதே நிமிடம் ஓடிப்போய்க் கராம்பு, தேசிக்காய் எல்லாவற்றையும் திறந்து பார்த்தாள். தேசிக்காயில் ஏதோ தூரத்தில் இருப்பதுபோலத் தெரிகிறதாம். கராம்பு இன்னும் இல்லை. ஊதுபத்தி இல்லை. மீன் மட்டும் தெளிவாக வந்திருக்கிறது, அழைக்காத விருந்தாளி முதல் பஸ்சிலேயே வந்து இறங்கினதுபோல. லைலாக் வர இன்னும் ஒரு மாரி இருக்கிறது. அடுத்த மே மாதத்தில் பார்ப்போம் என்கிறாள், அதை ஒரு நாள் குறித்த கல்யாணத்தைப் போலச் சொல்கிறாள். மேல் தட்டில் கவிழ்த்து வைத்த தாச்சியை நேற்று இறக்கி, தூசி தட்டி, அடுப்புக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள். செத்தல் மிளகாய் வாங்கி வந்திருக்கிறேன்.

அன்றைக்கு நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். அழுது, சிரித்து, மூக்கைச் சீறித் துடைத்துவிட்டு அவள் என்னைப் பார்த்தாள். நான் இன்னும் ஒரு காலை உள்ளே வைத்தபடி நின்றேன்.

"என்ன பாக்கிறியள்? உள்ளை விடுவன் எண்டோ?" என்றாள். "போங்கோ. போய் வடிவாக் கழுவிப்போட்டு வாங்கோ."

கதவு சாத்திய சத்தம் கேட்டது. பிறகு யன்னல் திறந்து, ஒரு பாதித் தேசிக்காய் வெளியே வந்து விழுந்தது. அதைப் பொறுக்கிக்கொண்டு போய், வெளிக்குழாயைத் திறந்து, லைலாக்குக்குப் பக்கத்தில் நின்று, அவள் திரும்ப வந்து மோந்து பார்க்கும்வரைக்கும் கையை உரஞ்சிக்கொண்டே இருந்தேன்.